பெட்டிக்குள் நின்றிருந்த கரண்ட்

அமிர்தி அடிவாரம்,
11-11-1983

அன்பு மகன் அருணகிரிக்கு அம்மா சாந்தம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம். பிலாய்த் தொழிற்சாலையில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தீபாவளிக்கு நீ அனுப்பிய வேட்டியை அப்பா கட்டிக்கொண்டார். சிங்காரம் சித்தப்பாவின் பெண்ணுக்கு ஒடுகத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், தை மாதம் பேசி முடிப்பார்கள் போலிருக்கிறது. குளிர் காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதாக முன்பு எழுதியிருந்தாயே, அதைப் படித்து அன்றைக்குச் சிரித்தேன், இப்போது அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஆடி மாதக் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். அப்பாவுக்குக் கரண்ட் அடித்தது. நீ பதறுவாய், லீவு கிடைக்காமல் தவிப்பாய் என்று மறைத்தேன். மோட்டார் கொட்டகையில், மூன்று பேஸும் வராதபோது மோட்டாரைக் கிளப்ப மாட்டியிருக்கும் கன்டென்சர் பெட்டி மேல் எறும்பு கூடு கட்டியிருந்தது. அப்பா விவரமானவர்தானே, மோட்டாரை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் துணியால் துடைக்கப் போனார். நான் வரப்பில் நின்று புல் அறுத்துக்கொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம், அப்பா கொட்டகைக்கு வெளியே மல்லாந்து விழுந்து கிடந்தார். கிணற்றுச் சுவரில் மோதி இடது கை முறிந்திருந்தது, கண் சொருகிவிட்டது. கட்டை மூன்றும் அப்படியே பையில் இருந்தன. டிராக்டரில் போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், சாயங்காலம்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இப்போது கை கூடிவிட்டது, இரண்டு விரலில் மட்டும் மரமரப்பு இருக்கிறது, அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பயப்படாதே.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. அன்று காலையில் நம் வயல் கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர் லைன்மேன் தசரதன், கண்ணமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருவாரே அவர்தான். கட்டையைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் அடித்தது என்றால் மேலே கம்பியை மாற்றிக் கட்டிவிட்டார், வேறென்ன என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அவர்தான், அப்பாவின் மார்பில் கை வைத்து அழுத்தியவரும் அவர்தான். அப்போதே என்னைப் பார்த்து, "எம்மா, அந்த கன்டென்சர்ல கைய வச்சாரா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "கம்பத்துல தப்பு பண்ணிட்டு எங்க வூட்டு சாமான் மேலயே பழிய போடறியா நீ" என்று கத்தினேன். அவர் குனிந்து அப்பாவின் மார்பையே மறுபடி அழுத்தினார். மறுநாள் ஊரார் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து நான் போட்டேன். பத்து நாளில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

ஆவணியில் மழை ஏமாற்றிவிட்டது, வேர்க்கடலை பூத்து விழுது இறங்குகிற நேரம். அதனால் சித்தப்பாவை விட்டு ஒரு நாள் மதியம் மோட்டார் ஓட்டச் சொன்னேன். அவர் ஓட்டி நிறுத்திவிட்டு, பயந்துபோய்க் கட்டைகளையும் பிடுங்கி என் முந்தானையில் போட்டார். அன்று சாயங்காலம் நாலு தூறலோடு மலை மேல் இடி. அப்படி ஒரு மின்னலை நான் பார்த்ததில்லை, மேகத்திலிருந்து உச்சிக் காட்டுக்கு வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது, ஏரிக்கரை டிரான்ஸ்பார்மரில் நீலமாக ஒரு வெளிச்சம், அதோடு ஊரே இருட்டு. மறுநாள் காலையிலும் கரண்ட் இல்லை, எந்தக் கம்பியிலும் இல்லை. சரி, இன்றைக்கு யாருக்கும் ஆபத்தில்லை என்று நினைத்துக் கொட்டகைக்குப் போய் அந்த எறும்புக் கூட்டை அரிவாள் முனையால் சுரண்டினேன். கன்டென்சரின் தலையில் ஒயர் மாட்டுகிற இரண்டு முளையிலும் அரிவாள் ஒன்றாகப் பட்டது. அதே சத்தம். கண்ணெதிரே நீலப் பொறி பறந்து, அரிவாள் முனையில் அரிசி அளவு உருகிப் போயிருந்தது. பிடி மரம் என்பதால் பிழைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அருணகிரி. ஊரில் எங்குமே கரண்ட் இல்லாதபோது எந்த லைன்மேன் எந்தக் கம்பியை மாற்றிக் கட்டியிருக்க முடியும்? அடித்தது நம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். அவர், "ரெண்டு பேஸ்ல மோட்டார் ஓட்டறதே தப்பும்பாங்க. நீ போய் சொன்னா லைன வெட்டிடுவாங்க. மல்லாட்ட எடுக்கற வரைக்கும் வாய தொறக்காத" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கடலைக்குத் தண்ணீர் வேண்டும், மூன்று பேஸும் வருகிற நேரம் போதாமல் ஊரில் பாதிப் பேர் கன்டென்சர் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு நாள் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை, பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனேன்.

தசரதன் வீட்டு வாசலில் அவர் மனைவி குப்பம்மாள் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை யாரென்று தெரிந்துகொண்டு, "இன்னும் இன்னா எழுதி போட வந்தீங்க?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து வந்த தசரதன் முதலில் கேட்டது, "அண்ணனுக்கு கை எப்டி கீதுங்க?" என்பதுதான். அங்கேயே நின்றபடி அழுதுவிட்டேன், அரிவாள் விஷயத்தையும் சொன்னேன். அவர் கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "கழட்டாதீங்க, தொடாதீங்க, நானே வர்றேன்" என்றார்.

மறுநாள் இரண்டு குண்டு பல்பைச் சேர்த்துக் கட்டிய ஒயரோடு வந்தார். அதற்குள் கரண்ட் வந்திருந்தது. மோட்டாரைக் கிளப்பி, நிறுத்தி, கட்டைகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, ஒயரின் இரண்டு முனையையும் கன்டென்சரில் வைத்தார். பல்பு கண் சிமிட்டுகிற நேரம் எரிந்து அணைந்தது. மறுபடி வைத்தார், எரியவில்லை. உள்ளே மெல்லிய தகடு இரண்டு சுருட்டி வைத்திருக்குமாம், நடுவில் எண்ணெய்க் காகிதம் இருக்குமாம், ஒரு தகட்டில் ஏறிய கரண்ட் அடுத்த தகட்டுக்குத் தாண்ட முடியாமல் காத்துக்கொண்டிருக்குமாம். "மோட்டார் கிளம்பனதும் இந்த பொட்டிய தனி சுவிட்ச்ல வெலக்கி வுட்டுர்றீங்க. உள்ள நிக்கற கரண்ட்டு எங்கம்மா போவும்? யார் வழி குடுக்கறாங்களோ அவங்க மேல போவும்" என்றார். மேலே சின்னக் குச்சி மாதிரி ஒன்று பொருத்தியிருக்க வேண்டுமாம், அது உள்ளே நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடுமாம். நம்முடையதில் அது ஒடிந்து போயிருந்தது. மின்னல் பற்றியும் கேட்டேன். மேகத்துக்கும் பூமிக்கும் நடுவே இருக்கிற காற்று தாங்கும்வரை தாங்கும், தாங்காதபோது அதை உடைத்துக்கொண்டு இறங்குவதுதான் அது என்றார். ரேஷன் கடையில் போட்டிருக்கும் டியூப் லைட்டிலும் வெறும் வாயுதான் இருக்கிறதாம், அதற்குள் கரண்ட்டை அளவாக ஓட விட்டு வெளிச்சம் எடுக்கிறார்களாம். இடியும் விளக்கும் சட்டைப் பொறியும் எல்லாம் ஒரே குடும்பம்தானா என்று கேட்டேன், ஆமாம் என்றார். இத்தனை வருஷம் இவற்றின் நடுவில்தான் புழங்கியிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தக் கன்டென்சர் நீ போன பொங்கலுக்கு வந்தபோது வேலூரில் பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டியது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். அப்பா வேண்டாம் என்றார். ஆனால் ஒரு முறை உன்னிடம் உண்மையை மறைத்தேன், இன்னொருவர் தலையில் பழியையும் ஏற்றினேன், திரும்பவும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. நீ நல்லதுக்குத்தான் செய்தாய், அப்பா தண்ணீருக்காக ராத்திரி பகல் பாராமல் அலைவதைப் பார்க்கமுடியாமல் செய்தாய், அது எனக்குத் தெரியும். நீ குற்றவாளி இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியவன்.

பிறகு நானே கரண்ட் ஆபீசுக்குப் போய், தசரதன் மேல் தப்பில்லை, அடித்தது எங்கள் கன்டென்சர்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த என்ஜினீயர், "கன்டென்சர்னு எழுதினா உங்க லைன நான் வெட்டியாகணும்மா, யோசிச்சுக்கோங்க" என்று இரண்டு முறை சொன்னார், நல்ல மனுஷன். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சொன்னபடியே ஒரு மாதம் லைனை வெட்டிவிட்டார்கள். ஏற்றம் பூட்டி இறைத்தும் மேற்குத் துண்டு காய்ந்துவிட்டது, கடலை பாதிதான் தேறியது. மனு எழுதிய ஊரார் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அவர்கள் கொட்டகையிலும் ஆபீசார் வந்து பார்த்துவிட்டார்கள். அப்பா ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தார், பிறகு ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது, "நீ போனது சரிதான்" என்றார், அவ்வளவுதான். தசரதனைப் புரட்டாசிக் கடைசியில் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். நம் லைனை மறுபடி கொடுக்க அவரே வந்தார். மோர் கொடுத்தேன், குடித்தார், ஆனால் முன்போல உட்கார்ந்து பேசவில்லை. குப்பம்மாள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

உன் தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய பெட்டிகள் இருக்கும், சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று கையை நீட்டிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, சட்டை துணிமணியை வெயிலில் போடு. எல்லாச் சாமியும் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நூறு வருஷம் கை கால் சுகத்தோடு வாழ வேண்டும். பொங்கலுக்கு வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. கண்ணமங்கலத்தில் இறங்கி, தசரதன் வீட்டுக்குப் போய், அந்தப் பெட்டியை மாட்டியவன் நான்தான் என்று உன் வாயால் சொல்லிவிட்டு, அதன்பிறகு அடுத்த பஸ்ஸில் வா. எவ்வளவு நேரமானாலும் சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. சாந்தம்மாள்