கொள்ளையர் கப்பலில் மூன்று விளக்குகள்

புதன். விடிந்ததிலிருந்து தூறல்.

என்ன டயரிப் புத்தகமே, சுகமா? குளிருதா? ஹார்ட்வெயார் கடைக்காரர் வருசப் பிறப்புக்குக் கொடுத்த நாளிலிருந்து அலுமாரிக்குள்ளேயே கிடக்கிறாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் போகும். பொறுத்துக்கொள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். த்ரீவீல் ஸ்டாண்டில் நான் கதை சொன்னால் கேட்கிறவன் பாதியில் ஹயர், சவாரி, கிடைத்துப் போய்விடுகிறான். நீ எங்கேயும் போக மாட்டாய்.

இன்று: பிரேக் வயர் மாற்றியது. சீனி, பருப்பு, மகள் சுதாவுக்கு இருமல் மருந்து. பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் அம்மா. இறங்கியவர் "நில்லுங்கோ அண்ணை, வாறன்" என்று உள்ளே போனார். வரவேயில்லை. ஒரு மணிநேரம் நின்றேன். பிறகு வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்கள மறந்தே போனன்" என்றார். கோபம் வரவில்லை. முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்கிற ஆள் குறைவு.

எதைச் சொல்ல வந்தேன்? ஆ, ஃபோன்.

பின்னேரம் பார்வதிக்கு எடுத்தேன். என் தங்கை. இந்தியாவில், கூடலூரில். இனி பா. என்றுதான் எழுதுவேன், கை வலிக்கிறது.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. மழையா?"

"மழதான்."

அப்புறம் இரண்டு பக்கமும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எப்போதும் இப்படித்தான்.

இன்று கேட்டுவிட்டேன். சுதாவின் கல்யாணத்துக்கு வா என்று. எங்கள் குடும்பத்து வழக்கம், மணப்பெண்ணுக்கு முன்னால் விளக்கு ஏந்தி வருவது அவளுடைய அத்தை. மணவறை வரை அணையாமல் கொண்டுவர வேண்டும். சுதாவின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தையும் இல்லாவிட்டால் பிள்ளை யார் பின்னால் நடந்து வருவாள்?

பா. சொன்னது: "என்னைய அங்கேருந்து ஏத்தி அனுப்பிட்டாங்க அண்ணே. அனுப்புன ஊருக்கு நான் எதுக்கு? அங்கேயே யாராச்சும் பொம்பளையப் புடிக்கச் சொல்லு."

யார் அனுப்பினார்கள்? நானா? தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுப் பங்கிட்ட காலம். எனக்கு வயது வந்திருந்ததால் தனி விண்ணப்பம். அப்பா, அம்மா, சின்னப் பிள்ளையாயிருந்த பா., அவர்களுக்கு இந்தியா கிடைத்தது. எனக்கு இலங்கை. காகிதம் பிரித்தது. நான் இங்கே பெரியப்பாவோடு. அப்பாவும் அம்மாவும் அங்கேயே மண்ணாகிவிட்டார்கள்.

சுதா அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருமினாள்.

வியாழன். வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

சுதா கண்டி டவுனில் ஓர் ஆபீஸில் வேலை. சாப்பிடும்போது சொன்னாள்:

"அப்பா, சனிக்கிழம ஒரு வெளையாட்டு. நீங்க, நான், அத்தை."

"கல்யாண வேலைய விட்டுட்டு வெளையாட்டா?"

"மெட்ராஸ்ல ஒரு எடத்துல ரூம் ரூமா செட்டுப் போட்டு வச்சிருக்காங்க. உள்ள போனா கதவப் பூட்டிருவாங்க. புதிரெல்லாம் கண்டுபுடிச்சாத்தான் வெளிய வரலாம். நாம போகத் தேவையில்ல. அங்க ஒருத்தங்க தலையில கேமரா மாட்டிக்கிட்டு நிப்பாங்க. நாம ஃபோன்லருந்து சொல்லணும், அவங்க செய்வாங்க."

"பூட்டி வைக்கிறதுக்குக் காசு வேற குடுக்குறோமா?"

"ஆமா."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"ஃபோன்ல நீங்க ரெண்டு பேரும் மழையப் பத்தி மட்டுந்தான் பேசுறீங்க. ஒரு மணிநேரமாச்சும் ஒரே ரூமுக்குள்ள இருங்களேன்."

என்ன ரூம் என்று கேட்டேன். கடற்கொள்ளைக்காரர்களின் கப்பலாம். மாயக்கதை. மந்திரக்காரி ஒருத்தி கடலரசன் மகளைக் கிளியாக்கிக் கப்பலுக்குள் அடைத்திருக்கிறாளாம்.

கை அப்படியே சோற்றில் நின்றுவிட்டது.

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில், எங்களுக்கும் ஒரு கப்பல் இருந்தது. தேயிலைப் பெட்டி. பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள். மழை நாளில் அதில் பா. ஏறி உட்காருவாள். அவள் கேப்டன். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் தொப்பி. நான் கூலிக் கொள்ளைக்காரன், பெட்டியை இழுக்க வேண்டும். "எடப்பக்கம் திருப்புடா" என்பாள். அண்ணன் என்ற மரியாதை கப்பலுக்குள் கிடையாது. கடலை நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததே இல்லை. மகாவலி ஆறுதான் எங்களுக்குக் கடல். அதில் திமிங்கிலம் உண்டு என்று நான் சொன்னதை அவள் நெடுநாள் நம்பினாள். கண்டிக்கு பஸ்ஸில் போகும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் கண்ணை மூடிக்கொள்வாள்.

பிறகு நிஜக் கப்பலிலேயே ஏறினாள். தலைமன்னாரில். நான் பார்க்கவில்லை.

பா. விளையாட வருகிறாளாம். சுதா எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ. கேட்டால் சிரிக்கிறாள்.

சனி. நல்ல மழை. லைன் விட்டுவிட்டு வந்தது.

கோவிலில் படையல் மடைக்குப் பூ கொடுத்தது. த்ரீவீல் எடுக்கவில்லை. பத்து மணிக்கு சுதா லேப்டாப்பை மேசையில் வைத்தாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பா. முகம். அவளும் நல்ல புடவை கட்டியிருந்தாள். இரண்டு பேருக்கும் வெட்கம்.

பெரிய கட்டத்தில் மெட்ராஸ்காரப் பெண். கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைக் காட்டினாள். ஒரு கண்ணில் கறுப்புத் துணி, இடுப்பில் அட்டைக் கத்தி, தொப்பியில் கேமரா.

"வணக்கம், நான் கேப்டன் மல்லி. இன்னைக்கு நான்தான் உங்க கை, உங்க கால். நீங்க என்ன சொல்றீங்களோ அத செய்வேன். மணல் தீர்றதுக்குள்ள இளவரசிய விடுவிக்கணும்."

மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றேன்.

"சாப்பிட்டேன் சார்."

"நின்னுக்கிட்டே இருக்கியேம்மா, உக்காரு" என்றாள் பா.

மல்லி பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டாள். சுதா தலையில் கை வைத்தாள். "எந்திரிக்கச் சொல்லுங்க. சொன்னாத்தான் எந்திரிப்பாங்க, அதுதான் ரூல்."

மணல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்திரு என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்த பிள்ளையை எப்படி விரட்டுவது? "களைப்பாறிட்டு மெதுவா வாங்க" என்றேன். சுதா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

போகப் போகப் பிடிபட்டது. கிழிந்த வரைபடம் மூன்று இடத்தில். ஒரு துண்டு பாய்மரத்தில், ஒன்று எலும்புக்கூட்டின் வாயில். அதை எடுக்கும்போது பா. முகத்தை மூடிக்கொண்டாள், விரல் இடுக்கால் பார்த்தாள். மூன்றாவது கிடைக்கவில்லை.

"எடப்பக்கம் போம்மா" என்றாள் பா. "இன்னும். இன்னும் எடப்பக்கம்."

"அங்க பீப்பாதான் இருக்கு. வலப்பக்கம் பெட்டியப் பாரும்மா" என்றேன் நான்.

"அண்ணே, சும்மா இரு."

"பெட்டி தெரியுது பாரு, தேயிலப் பெட்டி மாதிரி."

"கேப்டன் யாரு, நீயா நானா?"

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். அதே குரல். பல் இரண்டு போயும் அதே குரல். மல்லி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி நின்றாள், பாவம். துண்டு பீப்பாய்க்கு அடியில்தான் இருந்தது. பா. ஒரு மாதம் இதைச் சொல்லிக்காட்டுவாள்.

பூட்டுகள் திறந்தன. கடைசி அறை. கூண்டில் கிளிப் பொம்மை. அதற்கு முன்னால் மூன்று விளக்குகள், எரிந்துகொண்டு. பக்கத்தில் ஓலை. மல்லி வாசித்தாள்: "மூன்று கண்ணையும் மூச்சால் மூடு, இருட்டில் வழி தெரியும்."

சுதா துள்ளினாள். "விளக்க ஊதணும். ஊதுனா செவத்துல எழுத்துத் தெரியும். ஊதுங்க மல்லி."

மல்லி குனிந்தாள்.

"ஊதாதம்மா."

நான் சொன்னேன். பா.வும் சொன்னாள். ஒரே நேரத்தில், ஒரே சொல்.

மல்லி நிமிர்ந்தாள். "சார், இது பேட்டரி வெளக்கு. நெஜம் இல்ல."

"எதுவா இருந்தா என்ன" என்றாள் பா. "வெளக்க வாயால ஊதக் கூடாது. பூ ஏதும் இருந்தா மெல்ல ஒத்தி எடும்மா."

"பூ இல்லீங்க. மைக் இருக்கு உள்ள, ஊதுனாத்தான் அணையும்."

"அப்பா, இன்னும் கொஞ்சம் மணல்தான் இருக்கு" என்றாள் சுதா.

"வேற வழி இருக்கும், தேடச் சொல்லு" என்றேன்.

"வேற வழி இல்ல."

"அப்ப எரியட்டும்" என்றாள் பா.

எரிந்தது. மணல் முடிந்தது. எங்கோ மணி அடித்தது. தோற்றோம். கடலரசன் மகள் இன்னும் கிளிதான்.

மல்லி கண்ணில் கட்டிய துணியை அவிழ்த்தாள். "இந்த எடத்துல யாரும் தோத்ததே இல்லீங்க. எங்க அம்மாவும் ஊத வுட மாட்டாங்க. நான் தெனம் ஊதுறேன், வேலையாச்சே."

விளையாட்டு முடிந்தும் அவள் லைனை வெட்டவில்லை. கேமரா விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பா. பேசினாள்.

"நாங்க கெளம்புன அன்னிக்கு அம்மா வெளக்க அணைக்கல. விடியக்காலையில லொறி வந்து நிக்குது. எல்லாரும் ஏறியாச்சு. நீ இருக்கியேன்னு எரிய விட்டுட்டு வந்தா."

"தெரியும்."

"கப்பல்ல ஏறுறப்ப கேட்டா, அவன் அணைச்சிருப்பானோன்னு. அங்க போயும் கேட்டுக்கிட்டே இருந்தா. எது ஒண்ணு சரியில்லாம போனாலும் அதத்தான் கேப்பா." முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "அணைச்சியா அண்ணே?"

"இல்ல. நான் தொடல. பெரியப்பா அணைக்க வந்தாரு, விடல. விடிஞ்சப்புறமும் எரிஞ்சுச்சு. எண்ணெ தீந்து தானா அடங்குச்சு. பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

பா. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இத்தன வருசமா ஏன் என்கிட்ட கேக்கல நீ?" என்றேன்.

"ஊதிட்டேன்னு சொல்லிட்டீன்னா?"

அப்போது மழைக்கு லைன் போனது. திரும்பி வந்தபோது பா. இல்லை, மல்லி மட்டும். "அம்மா போய்ட்டாங்க சார்" என்றாள். நன்றி சொன்னேன். வேளைக்குச் சாப்பிடச் சொன்னேன்.

ஞாயிறு. மப்பும் மந்தாரமும்.

பா.விடமிருந்து ஃபோன் இல்லை. நானும் எடுக்கவில்லை. சுதா இரண்டு தடவை ஃபோனைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். இருமல் குறைவு. பலாக்காய் கறி.

திங்கள். காலையில் பனி, பிறகு வெயில்.

குட்செட் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஹயர். திரும்பும்போது டவுன் மார்க்கெட். பித்தளைச் சாமான் கடை, மடவளைக்காரர் ஒருவருடையது, பழக்கம். ஒரு கைவிளக்கு எடுத்துப் பார்த்தேன். பாரம் சரியாக இருந்தது.

"கல்யாணத்துக்கா அண்ணே? காத்துக்கு அணையாம கண்ணாடி போட்டது இருக்கு, காட்டவா?"

"வேணாம். புடிக்கிற ஆளுக்கு அணையாமப் புடிக்கத் தெரியும்."

"யாரு புடிக்கிறாங்க?"

"தங்கச்சி."

சொல்லிவிட்டேன். வருகிறேன் என்று அவள் சொல்லவேயில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார், இனித் திருப்பிக் கொடுக்க முடியுமா. சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சுதா பார்த்தாள், யாருக்கு என்று கேட்கவில்லை.

வெள்ளி. மழை இல்லை. ஆச்சரியம்.

டயருக்குக் காற்று. பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தது, ஐயருக்குச் சொன்னது. வீட்டுக்காரரின் பலாமரத்தில் குரங்கு ஏறி ஒரே ரகளை, அதுவும் ஒரு பெரிய கதை, கேள். நேற்று அவர் ஏணியை வைத்துவிட்டு

சுதா கூப்பிடுகிறாள். "அப்பா, அத்தை லைன்ல. பாஸ்போர்ட் எடுக்குற எடத்துல நிக்கிறாங்களாம். பொறந்த எடம் எதுன்னு கேக்குறாங்களாம், அண்ணன்கிட்ட கேட்டுத்தான் சொல்லுவேன்னு நிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க, பின்னால ஆளுங்க சத்தம் போடுறாங்க."

வருகிறேன், வருகிறேன். அவளுக்குத் தெரியாதா என்ன? கண்டிக்கு மேலே, தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால், மூன்றாவது லயம், கடைசிக் காம்பரா, விடிந்த பிறகும் விளக்கு எரிந்த அந்த