சத்தமில்லாத இருபது நிமிடங்கள்

நானா,

இன்று காலை நகரத்துப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மருந்துக்கடையில், எனக்கு முன்னால் நின்ற பெண் கண்ணுக்குப் பூசும் களிம்பு கேட்டாள். கடைக்காரர் சுண்டுவிரல் அளவு டியூப் ஒன்றைக் கண்ணாடி மேசையில் வைத்தார். நீங்கள் ஆறு வருடம் சட்டைப் பையில் பேனாவோடு சேர்த்துக் கொண்டு திரிந்த அதே டியூப். நான் வாங்கப் போன பிரஷர் குளிசையை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அன்புவழிபுரத்து வீட்டுக்கு ஓட்டோ பிடித்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிட்ட நீங்கள், துறைமுகத்தின் ரேடியோ அறையில் இருந்தவர். உள்ளே வரும் கப்பல்காரருக்கும் படகுக்காரருக்கும் உங்கள் முகம் தெரியாது, குரல் தெரியும். வீட்டில் தேத்தண்ணி கேட்பதைக்கூட நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்பீர்கள் என்று உங்கள் மனைவி, எனக்கு ராத்தா, பகிடி பண்ணுவார். "ஒரு சொல்ல ரெண்டு தரம் சொல்ல வெச்சா அது என்ட பிழை" என்பீர்கள். அதில் உங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்கட்டும், அது உழைத்துச் சேர்த்த தலைக்கனம்.

ஏழு வருடத்துக்கு முன் லீவில் வந்த நான் கிண்ணியாவில் உங்கள் வீட்டு முன்கதிரையில் இருந்தபோது, தொலைபேசி அடித்தது. வலது கையால் எடுத்து இடது காதில் வைத்தீர்கள். பத்து நிமிடத்தில் மூன்று தரம் அப்படி. வேறு ஆளென்றால் கவனித்திருக்க மாட்டார். கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சை நடக்கும்போது நரம்புகளைக் கண்காணிக்கும் மெசினோடு இருப்பது என் தொழில். அதனால் கண்ணில் பட்டுவிட்டது. "வலது காது கேக்கிறதில்லையா நானா?" என்றேன். "கேக்குது, தூரத்தில கேக்குது" என்றீர்கள். நச்சரித்து ஸ்கான் எடுக்க வைத்தது நான்தான்.

கட்டி எட்டாவது நரம்பில் இருந்தது. மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடி. எட்டாவது கேட்பதற்கும், விழாமல் நிற்பதற்கும். அதை ஒட்டியபடியே ஏழாவது போகிறது. முகம் முழுவதும் அதன் பொறுப்பு. கண்ணை மூட, சிரிக்க, உதட்டைச் சேர்க்க அது வேண்டும். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைக்க ஏலாத அளவு. எடுக்கும்போது ஏழாவதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. "கண்ணுக்குப் பக்கத்திலயும் உதட்டுக்குப் பக்கத்திலயும் சின்ன ஊசி வைப்பன். நரம்பை இழுத்தா தசை துடிக்கும், மெசின் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். உடனே டாக்டர் கையை எடுத்திடுவார்" என்று விளங்கப்படுத்தினேன்.

நீங்கள் யோசித்துவிட்டுக் கேட்டீர்கள். "சத்தம் வரல்லயெண்டா நல்லம் எண்டு எப்பிடி எடுக்கிற? ரேடியோ செட் செத்துக் கிடந்தாலும் சத்தம் வராதே."

"அதுக்குத்தானே நான் பக்கத்தில இருக்கிறன்" என்றேன். அந்தத் தைரியத்தில்தான் நீங்கள் சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைத்தீர்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது. நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது.

தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்று இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்வரை நரம்பை எப்படி இழுத்தாலும் முகம் துடிக்காது, மெசின் வாய் திறக்காது. அதனால் மூச்சுக் குழாய் போட்ட பிறகு அதைக் கொடுப்பதில்லை. அன்று சத்திரசிகிச்சையின் நடுவில் உங்கள் தோள் இலேசாக அசைந்தது. மயக்க மருந்து வைத்தியர் மாறி, புதிதாக வந்தவர் நின்ற நேரம். அவர் பயந்து அந்த மருந்தில் கொஞ்சம் கொடுத்தார். கொடுக்கிறேன் என்று சொல்லியும் இருக்கிறார். நான் அப்போது குனிந்து நேரக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் சின்னதாக மின்சாரம் கொடுத்து, பெருவிரல் அசைகிறதா என்று அடிக்கடி பார்ப்பது என் கடமை. காலையிலிருந்து மூன்று தரம் பார்த்தாயிற்று, எல்லாம் நன்றாக இருந்தது. நாலாம் தரம் பார்க்கவில்லை.

சத்திரசிகிச்சை வைத்தியர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்படி?" என்று கேட்டார். "அமைதி, சேர்" என்றேன். இன்னொரு தரமும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்ன நல்ல நரம்பு நானாவுடையது என்று நினைத்தேன்.

இருபது நிமிடம் கழித்து அவர் நரம்பை மின்முனையால் தொட்டுப் பார்த்தார். பதில் இல்லை. நான் அப்போதுதான் உங்கள் பெருவிரலைச் சோதித்தேன். அது மரக்கட்டை போல் கிடந்தது. மயக்க மருந்து வைத்தியரைக் கேட்டேன், கொடுத்ததைச் சொன்னார். வேலையை நிறுத்தி, மருந்து இறங்கும்வரை எல்லோரும் நின்றோம். பெருவிரல் அசைந்த பிறகும், மின்சாரத்தைக் கூட்டிக் கூட்டித்தான் உங்கள் முகம் ஒரு சின்னத் துடிப்புத் தந்தது. நரம்பு அறவில்லை, நைந்துபோயிருந்தது. கட்டி ஒட்டியிருந்த விதத்துக்கு எப்படியும் இப்படி நடந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வலது கண் மூடவில்லை. பகலில் களிம்பு, படுக்கும்போது பிளாஸ்டர். உதடு சேராததால் 'ப'வும் 'ம'வும் வழுகிப் போயின. கப்பலுக்கு வழிகாட்டப் போகும் பைலட் படகைக் கூப்பிட்டால், அங்கிருந்து "திரும்பச் சொல்லுங்க" என்று வந்தது. இரண்டு மாதத்தில் உங்களை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் நான் வந்தேன். விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தீர்கள். கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"தம்பி, அண்டைக்கு உங்கட மெசின் சத்தம் போட்டதா?"

"இல்ல நானா. ஒரு சத்தமும் போடல்ல."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

"சரி" என்றீர்கள். பிறகு பஸ் ஏற்றிவிட வந்தீர்கள், என்னை இடது பக்கம் நடக்கவிட்டு.

அதன்பிறகும் ஒவ்வொரு லீவிலும் வந்து, பின்னேரம் முழுக்க உங்களோடு இருந்தேன். போன மழைக்காலத்தில் உங்கள் இதயம் நின்றுபோன செய்தி கிடைத்தபோது, கொழும்பிலிருந்து ஓடி வந்து உங்கள் ஜனாஸா அடக்கத்தில் பின்வரிசையில் நின்றேன். கணவனை இழந்தவர் இருக்கும் இத்தாவில் ராத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் பிறத்தி ஆண்களைப் பார்க்கமாட்டார். அது முடிந்த கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். உங்கள் மகனும் பக்கத்தில் இருந்தார். உங்களுக்குச் சொல்லாததை எல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முழுவதையும் கேட்டார்.

"அது அவருக்குத் தெரியும் தம்பி" என்றார். "டாக்டர் முதல் கிளினிக்கிலயே சொல்லிட்டார். மருந்து குடுத்துப்போட்டாங்க, கொஞ்ச நேரம் மெசின்ல பிரயோசனம் இல்லாமப் போச்செண்டு."

"அப்ப ஏன் என்னட்டக் கேட்டவர்?"

"நீங்க சொல்லுவீங்க எண்டுதான். நீங்க வாற நாளெல்லாம் எங்கள உள்ளுக்கு அனுப்பிடுவார். தம்பிக்கு ஒரு கதை இருக்கு, ஆக்கள் இருந்தா சொல்ல ஏலாது எண்டுவார். நீங்க போன பிறகு கேப்பன், சொன்னாரா எண்டு. இல்ல, அடுத்த தரம் சொல்லுவார் எண்டுவார்."

நானா, நாம் இருவரும் பேசாமல் இருந்த அந்தப் பின்னேரங்களை, பழகிய மனிதருக்குள் இருக்கும் நிம்மதி என்று நான் நினைத்திருந்தேன். அது என் வசதிக்கு நான் வைத்துக்கொண்ட பெயர். உங்களுக்குக் கோபம் இருந்திருந்தால் என்னை வாசலோடு அனுப்பியிருக்கலாம். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு ஆறு வருடம் காத்திருந்தீர்கள். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு சத்திரசிகிச்சையில், விழுங்குவதற்கும் குரலுக்கும் உரிய நரம்புகளுக்காக வைத்திருந்த ஊசிகளில் ஒன்று கழன்றுவிட்டது. நான் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது. மறுநாள் வார்டுக்குப் போய், நோயாளி அம்மாவின் கணவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அவர் எதையும் கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவர் என்னை ஏசினார். தாதிமார் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஏசினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் களைத்து ஓயும்வரை நின்றேன். அந்த ஏச்சில் பாதி, நீங்கள் எனக்கென்று வைத்திருந்து கடைசிவரை தராமல் போனது என்று எடுத்துக்கொண்டேன்.