ஏவன் என்றால் ஆறு

அக்கா,

இன்று காலை கம்பெனி வேன் ஷார்ஜாவில் அந்த வில்லாக்கள் வழியாகப் போனது. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடிக்கிறார்கள். 'ரிவர் ஏவன்' என்ற நீலப் பலகையைக் கழற்றி மணலில் சாய்த்து வைத்திருந்தார்கள். பெயின்ட் வாசனை உள்ளே வந்தது. பக்கத்துச் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

நாம் இருவரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. அஜ்மானிலிருந்து பஸ்ஸில் வந்து துணிக்கடைகளுக்கு நடந்துகொண்டிருந்தோம். வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்காகக் கட்டிய வீடுகள்; ஒவ்வொன்றுக்கும் இங்கிலாந்து ஆறு ஒன்றின் பெயர். தண்ணீர் என்னவோ லாரியில்தான் வரும்.

"டிகிரி முடிச்ச பிள்ளை, வாசிச்சுச் சொல்லன்" என்றீர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான் என்பதால் இந்தக் கிண்டல் எப்போதும் உண்டு.

அந்த வீடுகளுக்கு வரைபடம் போட்ட ஆபீசில்தான் நான் டைப்பிஸ்ட். இன்ஜினியர் ஒருவர் சொன்னதை உங்களிடம் சொன்னேன். "அங்க முன்னாடி இருந்தவங்க பாஷையில ஏவன்னா ஆறுதான்க்கா. பின்னாடி வந்த இங்கிலீஷ்காரங்க அதையே பேருன்னு நெனச்சு, முன்னால ரிவர்னு சேத்துக்கிட்டாங்க. அந்தப் பேர்ல நாலஞ்சு ஆறு இருக்காம்."

"அப்ப ஆறு ஆறு எண்டு எழுதி வச்சிருக்கினமோ?" சிரித்தீர்கள். "எங்கட மன்னார்ப் பக்கமும் ஆத்துக்குப் போறன் எண்டுதான் சொல்லுவம். கரையில இருக்கிறவனுக்குப் பேர் என்னத்துக்கு?"

கொஞ்ச தூரம் நடந்தபின், "என்னையும் இஞ்ச அப்பிடித்தானே ஆக்கிப்போட்டியள்" என்றீர்கள்.

உண்மைதான். வயதில் மூத்தவர் என்று ரூமில் நான் உங்களை அக்கா என்று கூப்பிட, நம்மோடிருந்த பிலிப்பினோப் பெண் அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு நீங்கள் 'மிஸ் அக்கா'. நீங்கள் தைத்த கடையில் பாகிஸ்தானி மாஸ்டர், "அக்கா பெஹன், ஜல்தி" என்பார். பெஹன் என்றாலும் சகோதரிதான். நீங்கள் யாரையும் திருத்தியதில்லை. அது உங்களுக்கு வேடிக்கை என்றே நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் சொன்னீர்கள். ஊரில் சண்டை மூண்டு அம்மாவிடமிருந்து போன் வருவது நின்றதிலிருந்து, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்று. "சில நேரம் எனக்கே மறந்து போகும் போல இருக்கு. நீயாவது ஒருக்காக் கூப்பிடன்."

"போங்கக்கா. மூத்தவங்களப் போயி எப்படி?"

"வெக்கம் பிடிச்சது. சரி விடு, எங்க போகப்போறன்? பிறகு கூப்பிடு."

அடுத்த குளிர்காலத்தில் வயிற்றுவலி என்று கடையிலேயே சுருண்டு விழுந்தீர்கள். டூட்டி முடிந்து நானும் பிலிப்பினோத் தோழியும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தோம். கவுன்ட்டரில் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். தோழி, "அக்கா" என்றாள். நர்ஸ் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அக்கா மாஃபி." அப்படி ஒருவர் இல்லையாம். பார்வை நேரம் முடியப்போகிறது என்று காவலாளி கதவைச் சாத்த வந்தார். கடைக்காரரிடம்கூட வாய் திறந்து விலை கேட்காத நான், முன்பின் தெரியாத அந்த நர்ஸிடம் உங்கள் பெயரை உரக்கச் சொன்னேன். அக்கா என்று சேர்க்காமல், வெறும் பெயரை. உடனே வார்டைக் காட்டினாள்.

நீங்கள் கண்மூடிப் படுத்திருந்தீர்கள். ஊசி மருந்தின் மயக்கம். குனிந்து மறுபடியும் அதைச் சொன்னேன். கண் திறந்து, முதலில் கதவைத்தான் பார்த்தீர்கள். பிறகே என்னை.

"ஆர், நீயே?"

"நான்தான்."

"இன்னொருக்காச் சொல்லு. இழுத்துச் சொல்லு, அம்மா மாதிரி."

எப்படி என்று தெரியாமல் சொன்னேன். இல்லை என்று தலையசைத்து, நீங்களே ஒருமுறை சொல்லிக் காட்டினீர்கள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. அதைப் பார்த்து நானும் சொன்னேன். "ம்" என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் இல்லை. உங்களைப் பெட்டியில் வைத்துக் கொழும்பு வரை அனுப்பினார்கள். அங்கிருந்து மன்னாருக்குப் போனீர்களா, அம்மாவுக்குத் தகவல் எட்டியதா, இன்றுவரை தெரியாது.

அந்தப் பெயரை நான் இங்கேகூட எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், காகிதத்தில் அது வேறு யாருடையதோ போல இருந்தது. காலையில் ரூமில் எல்லோரும் டூட்டிக்குப் போன பிறகு, வேன் வருவதற்குள், ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறேன். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.