ஸ்டெல்லா அக்காவின் குதிகால்

மார்ச் 3, திங்கள்

ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. ஸ்ரீரங்கத்திலிருந்து காலேஜ் வரை பஸ்ஸில் நின்றபடியே. இன்று: செல் எண்ணுவது, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, பிஎச்.டி. கைடுக்கு மெயில்.

மெயில் இன்றும் அனுப்பவில்லை. பதினேழு நாள்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். தயிரிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா. அது வளர்ந்த திரவத்தை வடிகட்டி ஊற்றினால் தோல் புற்றுச் செல்கள் சாகின்றன என்று டிசம்பர் கருத்தரங்கில் போஸ்டர். முதல் பரிசு. அவசரத்தில் விட்டுப்போன சோதனையை அப்புறம்தான் செய்தேன். திரவத்தின் புளிப்பைப் போக்கிவிட்டு ஊற்றினால் ஒன்றும் சாகவில்லை. அதே புளிப்புள்ள வெறும் அமிலம் ஊற்றினால் சாகின்றன. நல்ல தோல் செல்களும்தான். கொன்றது புளிப்பு, வேறொன்றுமில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மாத்திரை மறந்தாச்சு.

லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் ஸ்டெல்லா அக்கா நொண்டி நடந்தார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மேடம், ஆறிட்டு வருது." செருப்பைக் கழற்றச் சொன்னேன். வலது குதிகாலில் கறுப்புத் திட்டு. ஓரம் கோணல்மாணல். நடுவில் வெந்தது போல் புண்.

"என்னக்கா போடுறீங்க?"

"நீங்க கொட்டச் சொல்ற தண்ணிதான். கான்சருக்கே கேக்குதுன்னு ஸ்கூல் புள்ளைங்க வந்தப்ப சொன்னீங்கள்ல? ஆஸ்பத்திரியில சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னாங்க. பயந்துக்கிட்டுப் போகல. பொங்கல் முடிஞ்சதுலேருந்து இதான் போடுறேன்."

என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "நாளைக்குப் பேசலாம்க்கா."

நாளைக்காம்.

மார்ச் 5, புதன்

தலைவலி என்று பொய் சொல்லி லீவு. அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். பொய் சொல்லி அதை வாங்கிக் குடித்தது இன்னும் கேவலமாக இருந்தது.

சாயங்காலம் தென்னூர், அக்கா வீடு. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன்.

"அக்கா, அது மருந்து இல்ல. வெறும் புளிப்பு. புண்ணை இன்னும் கெடுத்திருக்கும். எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

சோப்புக் கையோடு என்னைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு வாரமும் உங்க எதிர்லதான மேடம் பாட்டில் கழுவிட்டிருந்தேன்."

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. துணியைப் பிழிந்தார்.

"காலையில ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்க்கா."

"வாங்க. தனியாப் போக பயமா இருக்கு."

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. கூட்டம். சதை எடுத்தார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிய. வரிசையில் நிற்கும்போதே கைடுக்கு மெயில் அனுப்பினேன். எல்லாம் எழுதினேன், அக்கா கால் உட்பட.

பதில் ஒரே வரி. நேரில் வரவும்.

மார்ச் 7, வெள்ளி

கைடு கத்தவில்லை. லேப் நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். "சோதனை பொய்த்துப்போறது சாதாரணம்மா. இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டீங்க, தூங்குனீங்க?" பரிசைத் திருப்பித் தருவதாகக் கடிதம். என் பெயரிலேயே எழுதினேன். கொட்டும் திரவத்தை இனி நானேதான் கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ரிசல்ட். புற்றுநோய்தான். மெலனோமா. நான் தட்டில் வளர்க்கிற அதே வகை.

அக்கா கேட்டது: "வேலைக்கு எத்தனை நாள் வர முடியாது?"

மார்ச் 19, புதன்

இன்று ஆபரேஷன். காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். அக்காவின் மகள் நான்ஸி, காலேஜ் இரண்டாம் வருஷம், பக்கத்து நாற்காலியில். "நீங்கதான் மருந்து கண்டுபிடிச்ச மேடமா? அம்மா உங்களப் பத்தியே பேசுவாங்க." அக்கா அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். எழுந்து எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர். "ஸ்டெல்லா கூட யாரு?" இரண்டு பேரும் எழுந்தோம். குதிகாலில் இருந்தது முழுக்க எடுத்தாச்சாம். தொடை இடுக்கில் ஒரு கட்டி, அதையும் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறாராம். முன்னமே வந்திருக்கலாம் என்றார். போய்விட்டார்.

நான்ஸி என் பக்கம் திரும்பினாள்.

"கட்டின்னா என்ன அர்த்தம்?"

பரவியிருக்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.