வரி போட்ட சவ்வு

போனை எடுக்காத என் மகாராஜாவுக்கு,

நான் கூட்டிப் பெருக்குற ஆய்வுக்கூடத்துல தண்ணி வடிகட்டுற பிளாஸ்டிக் சவ்வு செய்றாங்க. நேத்து மேசையில ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணு உங்க மூஞ்சி மாதிரி வரிவரியா இருந்துச்சா, கீறல் விழுந்ததுன்னு குப்பையில வீசிட்டேன். வழவழன்னு இருந்ததைப் பத்திரமா எடுத்து வச்சேன்.

அதைச் செஞ்ச அம்பிகா மேடம் தலையில கை வச்சுட்டாங்க. "அய்யோ அக்கா! அழுக்கு படியக்கூடாதுன்னுதான் அந்த வரியையே போட்டோம். வழவழப்புதான் ஜல்தி அடைச்சுக்கும்!"

நல்லவேளை, குப்பை வண்டி வரல. தேடி எடுத்துக் குடுத்தேன்.

மூணு மாசம் முன்னாடி உங்களை "வெளிய போ"ன்னு சொன்னதும் இந்த அவசரக்காரிதானே. இவ்ளோ பெரிய டில்லியில நான் வம்பிழுக்க ஒரு ஆள் இல்ல. சேலத்துலேருந்து எந்த ரயில்ல ஏறுறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன். கொஞ்சமாத்தான் திட்டுவேன்.

இப்படிக்கு,
உங்க வாயாடி