உண்ணாமலைக்குப் பாதி, பானுப்ரியாவுக்குப் பாதி

சேவூர், ஆரணி.
16.03.2003

அன்புள்ள இவாஞ்சலினுக்கு,

ஸ்வர்ணலதா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் ஒரு வாரமாக உன்மேல் கொதித்துக்கொண்டிருக்கிறேன். என் முதல் கடிதத்துக்கு நீ போட்ட பதில் வந்தது. இங்கிலீஷில், டைப் அடித்து, உங்கள் ஆபீஸ் தாளில், ‘டியர் மேடம்’ என்று ஆரம்பித்து. மூன்று வருடம் ஆரணியிலிருந்து வேலூர் காலேஜுக்கு ஒரே பஸ்ஸில், கண்ணமங்கலம் வரைக்கும் நின்றுகொண்டும், அதற்கப்புறம் ஒரு ஆள் சீட்டில் இரண்டு பேர் ஒண்டிக்கொண்டும் போனோமே, அந்த மேடம்தான் நான்.

உன் வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. தேவநேசன் சார் என்னை உட்காரவைத்து, நீ செய்கிற வேலையை எனக்கே விளக்கினார். ஒரு மருந்தைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரே முடிவு சொல்வார்களாம். எந்த ஆய்வை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று ஏழு நாட்டு நிபுணர்களைச் சம்மதிக்கவைத்து, அதற்கு வழிகாட்டிப் புத்தகம் போடுவது தன் பெண்தான் என்றார். காலேஜில் நாலு பேரை ஒரே சினிமாவுக்குச் சம்மதிக்கவைக்க உனக்குத் துப்பில்லை என்று வாய் வரை வந்தது. பெரியவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று காபியைக் குடித்துவிட்டு வந்தேன். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரத்தசோகை மாத்திரை பற்றி நீங்கள் தயாரித்திருக்கும் அறிக்கையை எங்கள் ஆபீஸில் படித்தேன். மொத்தம் ஐந்து ஆய்வுகள். அதில் பெரியது எங்கள் சேவூர் ஆய்வு. முடிவில் பாதி எடை அதற்குத்தான். புது மாத்திரைக்கும் பழைய மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை என்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கடைசியில், இதைப் பற்றி இனிமேல் ஆய்வே தேவையில்லை என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சேவூர் ஆய்வில் சேர்ந்த 412 பெண்களுக்கு வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒட்டிய கவர் ஒன்று இருக்கும். அதைப் பிரித்து, ஒன்றாம் நம்பர் பாட்டிலா இரண்டாம் நம்பர் பாட்டிலா என்று பார்த்துக் கொடுப்போம். எதில் புதுசு, எதில் பழசு என்று எங்களுக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் நம் தறிக்காரர் வீட்டு அடுப்படியைப் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களுக்கு இரண்டு விதமான பாட்டில் வந்தால் மாமியார் சும்மா இருப்பாளா? பூ வாங்கினால்கூட முழம் போட்டுச் சரிபாதி கிள்ளிக் கொடுக்கிற வீடுகள். இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கி, தினமும் ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் நாங்கள் எண்ண வருவதற்கு முன்னால், மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்துப் பாட்டிலில் போட்டுவைத்துவிடுவார்கள். எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. ஆய்வை நடத்திய எங்கள் டாக்டருக்கு அதில் ஒரே பெருமை.

எல்லாம் முடிந்தபிறகு நான் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். இரண்டு நம்பரும் போன வீடுகள் 118. அதில் 91 வீட்டில் இதுதான் நடந்திருக்கிறது. 182 பெண்கள் இரண்டு மாத்திரையையும் கலந்து விழுங்கியிருக்கிறார்கள். பிறகு வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? நாலு பக்கம் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். “பேப்பரே பிரிண்டுக்குப் போயிடுச்சும்மா, நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு இருக்கே” என்று சொல்லி டிராயரில் போட்டு மூடினார்.

நீ என்ன செய்தாய்? அதே டாக்டருக்கு எழுதிக் கேட்டாயாம். தவறு ஏதும் நடக்கவில்லை என்று அவர் சொன்னாராம். அச்சில் வராத தனிநபர் தகவலை ஏற்க வழிகாட்டியில் இடமில்லையாம். யார் எழுதிய வழிகாட்டி? மூடி மறைத்தவரையே கூப்பிட்டு, மறைத்தீர்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் ஃபைலைக் கட்டி வைப்பதற்கு ஏழு நாட்டு நிபுணர்கள் எதற்கு? நம் பஸ் கண்டக்டர் போதாதா?

புது மாத்திரை நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒரே பெண் இருந்த வீடுகளை மட்டும் என் நோட்டில் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். அதில் வித்தியாசம் தெரிகிறது. முடிவைப் பார்த்தபிறகு பொறுக்கி எடுத்த கணக்கு இது என்பாய். தெரியும்டி. அதே பெஞ்சில்தான் நானும் படித்தேன். கடைசிப் பரீட்சையில் உன்னைவிட நாலு மார்க் கூட. உனக்கு எம்.எஸ்சி. என்றார்கள், எனக்குக் கல்யாணம் என்றார்கள். அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. எனக்குத் தெரியாது என்று நான் ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் தெரியாது என்று நீங்கள் எழுதுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உண்ணாமலை என் ஓரகத்தி, இவர் தம்பியின் மனைவி. மூன்றாவது பிள்ளை உண்டாகி ஆறு மாதம். ரத்தம் ஏழுதான் இருக்கிறது. பழைய மாத்திரையைப் போட்டால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. எங்களுக்குத் தெரியாமல் தறிக்குழியில் போட்டுவிடுகிறாள். நேற்று தறியில் பாவு நூலைச் சரிசெய்துகொண்டே, “யக்கா, அந்தப் புது மாத்திரை நமக்கு எப்போ வரும்?” என்று கேட்டாள். இங்கிலாந்தில் என் சிநேகிதி கதவைச் சாத்திவிட்டாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இவாஞ்சலின், டாக்டருக்குக் கொடுத்த நாலு பக்கத்திலும், உனக்குப் போட்ட முதல் கடிதத்திலும் 90 வீடு என்றுதான் எழுதியிருந்தேன். நீ கவனித்தாயோ என்னவோ. விட்டுப்போன ஒரு வீடு எங்கள் வீடு. உண்ணாமலைக்கு ஒன்றாம் நம்பர் வந்தது, கடைசி ஓரகத்தி பானுப்ரியாவுக்கு இரண்டாம் நம்பர். “ஒரே வூட்ல ரெண்டு தினுசா? நாளைக்கு ஒருத்தி தேறி ஒருத்தி தேறலன்னா ஊரு என்னை இன்னா பேசும்?” என்றார் என் மாமியார் ரங்கம்மாள். ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவள் நான், கூடாது என்று தெரிந்தவள். இரண்டு பாட்டிலையும் என் கையால்தான் டப்பாவில் கொட்டினேன். மாதாமாதம் இரண்டு பேருடைய மாத்திரைக் கணக்குக் கார்டிலும் எண்ணிக்கை சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாமியாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்து வருடமாக டாக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அதில் பாதி என்னைத்தான்.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. மறுபடி செய்யட்டும், ஆளுக்கு ஒரு கவர் வேண்டாம், வீட்டுக்கு ஒரு கவர் என்று செய்யட்டும். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரையும் ஊரையும் முழுசாகப் போடு. தனிநபர் தகவல் வேண்டாம் என்றால் இதைக் குற்றம் செய்தவளின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள். வேலை போகும் என்று தெரியும். போகட்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் ரத்தமும் சதையுமாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் கர்த்தரிடமும் எங்கள் அம்மனிடமும் அதைத்தான் கேட்கிறேன். நீளமாகப் பதில் எழுத வேண்டாம். அந்த வரியை எடுத்ததும் ஒரு தபால் கார்டில் 91 என்று மட்டும் எழுதிப் போடு. உண்ணாமலையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னோடு ஒரே சீட்டில் வந்த,
ஸ்வர்ணலதா