மூன்றாவது மேடு

ஞாயிறு காலை ஆறு மணி, வீட்டின் பின்பக்கப் பயிற்சித் தடம். நம் ரிமோட் வண்டி மூன்றாவது மேட்டைப் பத்துத் தடவை தாண்டியது. ஒரு தடவைகூடக் கவிழவில்லை.

நீ ஆம்புலன்ஸ் டியூட்டி முடிந்து வரும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். அதனால் எழுதிவைக்கிறேன். இத்தனை நாளும் வண்டி குதிக்கக் குதிக்க, ஷாக் அப்சர்பரில் இன்னும் கெட்டியான எண்ணெயாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். "தினம் நோயாளியைக் குலுங்காம கொண்டுபோறவ சொல்றேன், ஷாக் அமுங்கணுங்க. அமுங்காததாலதான் தூக்கிப் போடுது" என்று வியாழக்கிழமை சொன்னாய். "பெரிய மெக்கானிக்கு! உன் வேலையைப் பாரு" என்றேன். அன்றிலிருந்து நீ உன் வேலையை மட்டும்தான் பார்க்கிறாய். இன்று சாயங்காலப் பந்தயத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாய்.

இன்று நீ சொன்னபடியே மெல்லிய எண்ணெய் ஊற்றி, இளக்கமான ஸ்பிரிங் மாட்டினேன். பூனை மாதிரி இறங்குகிறது. நன்றி. அன்று பேசியது என் தப்பு.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடு. மூன்று மணிக்கு வந்து வண்டியை எடுத்துப்போவேன். நீயும் வந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பி.கு.: எண்ணெய் சிந்தியது உன் நல்ல துண்டில்தான். துவைத்துப் போட்டிருக்கிறேன்.

*(கீழே, வேறு கையெழுத்தில்)*

கறை போகல. வண்டியை வீடெல்லாம் தேடாதீங்க, நானே பந்தயத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். முதல் சுற்று நான் ஓட்டுறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட இருக்கு.